வெளிநாடு சென்று மீள்வோரும் நமது பொறுப்பும்



தொழில் தேடி வெளிநாடு செல்பவரை வழியனுப்புவதற்கு நமது ஊர்களில் ஒரு முறை இருக்கின்றது. கடவுச்சீட்டு எடுப்பதற்கு ஒருவர் உதவுவார். முகவரிடம் அழைத்துச் செல்வதற்கு இன்னொருவர் முன்வருவார். பணம் போதாவிடின் நகையை அடகு வைத்தேனும் கொடுத்துதவ உறவினர் இருப்பர். புறப்படும் நாளில் துஆச் செய்து, வாகனம் பிடித்து, கட்டுநாயக்கா வரை குடும்பமே சென்று வழியனுப்பி வரும்.

அதே மனிதர் ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் கழித்து நிரந்தரமாகத் திரும்பி வரும்போது அவரை ஏற்றுக்கொள்வதற்கு நம்மிடம் என்ன முறை இருக்கின்றது? பெட்டி திறக்கப்படும். பொருட்கள் பங்கிடப்படும். ஒரு வாரம் விருந்து நடைபெறும். இரண்டாவது மாதத்தில், "இனி எப்போது போகப் போகிறீர்கள்?" என்ற கேள்வி ஆரம்பமாகிவிடும். கேட்பவர் அதனைச் சாதாரணமாகவே கேட்கின்றார். கேட்கப்படுபவருக்கோ, "இந்த ஊரில் உனக்கு இடமில்லை" என்று சொல்வதைப் போல அது விளங்குகின்றது.

திரும்பி வருபவரை மீண்டும் ஊரோடும் குடும்பத்தோடும் தொழிலோடும் இணைத்துவைப்பதை "மீள ஒருங்கிணைத்தல்" என்று இன்று அழைக்கின்றனர். சொல் புதிது, பொறுப்பு புதியதன்று. அப்பொறுப்பு என்ன, அதில் அரசாங்கத்தின் பங்கு எது, குடும்பத்தின் பங்கு எது, பள்ளிவாசல் ஜமாஅத்தின் பங்கு எது என்பதை இவ்வுரையில் சிந்திப்போம்.

திரும்பி வருதல் நிச்சயமானது

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகளும் வீட்டு வேலைகளும் பெருகின. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கையர் பெருந்தொகையாக அங்கு செல்லத் தொடங்கினர். இதனை ஒழுங்குபடுத்துவதற்காக 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தொழிலுக்காகச் சென்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்களாகவே இருந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்து சென்றனர். 2024 இல் வெளிநாடுகளில் உழைப்போர் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது.

இத்தொகையைப் பற்றிப் பேசும் நாம் ஓர் உண்மையைப் பேசுவதில்லை. வளைகுடா நாடுகளில் தொழிலாளியின் வதிவிட அனுமதி, அவரை வேலைக்கு எடுத்த கபீலுடன் பிணைக்கப்பட்டதாகும். வேலை முடிந்தால் அந்த அனுமதியும் முடிந்துவிடும். இருபது ஆண்டுகள் அங்கு உழைத்தவர்கூட அந்நாட்டின் பிரசையாகிவிடுவதில்லை. ஆகவே, திரும்பி வருதல் என்பது எதிர்பாராது நிகழும் ஒன்றன்று. செல்லும் நாளிலேயே அதுவும் நிச்சயிக்கப்பட்டுவிடுகின்றது. ஆயினும் செல்வதற்குத் திட்டம் வகுக்கும் குடும்பங்களில் எத்தனை, திரும்பி வருவதற்கும் திட்டம் வகுக்கின்றன?

சில வேளைகளில் திட்டம் வகுப்பதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. 1990 ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தபோது, அங்கிருந்த பல்லாயிரம் இலங்கையர் உடுத்த உடையோடு வெளியேறினர். 2006 இல் லெபனான் போரின்போது பணிப்பெண்கள் பலர் எல்லை கடந்து நாடு திரும்ப நேர்ந்தது. 2020 இல் கொவிட் நோய்த் தொற்று பரவியபோது சம்பள நிலுவையையும் பெறாது திரும்பியோர் பலர். நோய், விபத்து, கொடுமைக்காரர்களான எஜமானர்கள், வேலை இழப்பு என்பன எந்த ஆண்டிலும் ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடியவை.

ஏன் மீண்டும் மீண்டும் செல்கின்றனர்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு குமர்ப்பிள்ளைகளை உடைய ஒரு தாய் பணிப்பெண்ணாகச் செல்கின்றாள். முதல் இரண்டு வருட உழைப்பு, பயணத்துக்குப் பட்ட கடனுக்கும் பழைய கடனுக்கும் போய்விடுகின்றது. இரண்டாவது பயணத்தில் காணித்துண்டொன்று வாங்கப்படுகின்றது. மூன்றாவது பயணத்தில் அக்காணியில் மூத்த மகளுக்கு வீடு எழும்புகின்றது. நான்காவது பயணம் இளைய மகளின் வீட்டுக்காக. எட்டு வருடங்களின் பின் அவள் நிரந்தரமாகத் திரும்பி வரும்போது இரண்டு வீடுகள் இருக்கின்றன; ஆனால் அவளுக்கென்று ஒரு வீடு இல்லை. கையில் சேமிப்பில்லை. முழங்கால் வலிக்கின்றது. அவள் உழைப்பில் வளர்ந்த பிள்ளைகள் அவளிடம் பேசுவதற்குக் கூச்சப்படுகின்றனர்.

கிழக்கு மாகாணத்தின் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத் திருமணம் செய்துவைக்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஏனைய பகுதிகளிற் சீதனம் வேறு உருவத்தில் நிலைத்திருக்கின்றது. மார்க்கம் மணமகனிடமிருந்து மணமகளுக்கு மஹரைக் கடமையாக்கியிருக்க, நாம் அதனைத் தலைகீழாக்கி, அந்தச் சுமையை ஒரு தாயின் தோளில் ஏற்றிக் கடல் கடந்து அனுப்பிவைக்கின்றோம். இளைஞர்களே! நீங்கள் குடியேறப்போகும் வீட்டின் ஒவ்வொரு கல்லும் எவருடைய முதுமையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

ஆகவே, மீண்டும் மீண்டும் செல்வோரை "ஆசைக்கு அளவில்லை" என்று குறைகூறுவது நியாயமன்று. அவர்களிற் பலர் விருப்பத்தினால் செல்வதில்லை. திரும்பி வந்தபின் இங்கு ஒன்றும் அமையாத காரணத்தினாலேயே செல்கின்றனர். ஒருவர் விரும்பிச் செல்வது பயணம். வேறு வழியின்றிச் செல்வது, அவரை ஏற்கத் தவறிய குடும்பத்தின் தோல்வியும் ஊரின் தோல்வியுமாகும்.

இணைத்துவைத்தலின் மூன்று பக்கங்கள்

திரும்பி வருபவருக்கு ஒரு தையல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இதற்கு மூன்று பக்கங்கள் உள்ளன. வாழ்வாதாரம் ஒன்று, குடும்ப, சமூக உறவு மற்றொன்று, உடல், உள நலன் மூன்றாவது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை நிலைப்பதில்லை. கடை போட்டுக் கொடுத்தாலும், இரவில் உறக்கமின்றித் தவிப்பவர் அதனை நடத்த மாட்டார். மனம் தெளிந்திருந்தாலும், வருமானமற்றவர் மீண்டும் முகவரின் வாசலுக்கே செல்வார்.

இலங்கை அரசாங்கமும் 2008 இல் தொழிலாளர் புலம்பெயர்வுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2015 இல் நாடு திரும்புவோரின் மீள ஒருங்கிணைப்புக்கெனத் தனியான உபகொள்கையையும் செயற்றிட்டத்தையும் வகுத்தது. 2018 டிசம்பரில் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட புலம்பெயர்வு தொடர்பான உலகளாவிய உடன்படிக்கையின் 21 ஆவது குறிக்கோளும், கண்ணியமான திரும்புகையையும் நிலையான மீள ஒருங்கிணைப்பையும் பற்றியதாகும். எழுத்தில் ஏற்பாடுகள் உண்டு. அவை நமது வீட்டு வாசலுக்கு வருவதற்கு, அவற்றைக் கேட்டுப் பெறுபவர்களும் வேண்டும்.

அங்கிருக்கும்போதே ஆரம்பியுங்கள்

திரும்பி வருவதற்கான ஆயத்தம் விமானத்தில் ஏறியபின் ஆரம்பிப்பதன்று. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வாப்பாவுக்கோ, உம்மாவுக்கோ, நானாவுக்கோ இவ்விடயங்களை இன்றே தொலைபேசியிற் சொல்லுங்கள்.

முதலாவது, ஆவணங்கள். தொழில் ஒப்பந்தம், சம்பளம் பெற்றமைக்கான சான்றுகள், சேவைச் சான்றிதழ், வைத்திய அறிக்கைகள், பழைய கடவுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும். குவைத் ஆக்கிரமிப்பினால் பாதிக்கப்பட்டோருக்கு ஐக்கிய நாடுகள் சபை 1991 இல் ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை அமைத்தது. வெளியேற நேர்ந்த தனிநபர்களுக்கு 2,500 டொலர் முதல் 4,000 டொலர் வரையான நிர்ணயத் தொகை வழங்கப்பட்டது. அதற்குக் கேட்கப்பட்டது, வெளியேறியதையும் அதன் திகதியையும் காட்டும் எளிய சான்றாகும். பழைய கடவுச்சீட்டின் முத்திரை பதித்த ஒரு பக்கத்துக்கு எவ்வளவு பெறுமதி இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு பாடமாகும்.

இரண்டாவது, சேவை முடிவுக் கொடுப்பனவு. சவூதி அரேபியத் தொழிற்சட்டத்தின்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளமும், அதன் பின்னர் வருடமொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் கணக்கிடப்படுகின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், பின்னர் 30 நாள் சம்பளமும் உரியதாகும். இவை நிறுவனங்களிற் பணியாற்றுவோருக்கானவை. வீட்டுப் பணியாளருக்குத் தனியான விதிகள் உண்டு. தாமாக வேலையை விட்டு விலகினால் இத்தொகை குறைக்கப்படும் சந்தர்ப்பங்களும் உள்ளன. இந்த உரிமையை அறியாது, விமானச் சீட்டு கிடைத்ததே போதுமென்று வருவோர் பலர்.

மூன்றாவது, நிலுவைச் சம்பளம். கொடுக்கப்படாத சம்பளம் இருப்பின், அந்நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவில் முறைப்பாட்டைப் பதிவுசெய்ய வேண்டும். இங்கு வந்தபின் முறையிடுவதும் இயலும். ஆனால் எஜமானரிடமிருந்து பெற்றுக்கொள்வது அப்போது பன்மடங்கு கடினமாகிவிடும்.

நான்காவது, சேமிப்பு. அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி எவருடைய கைக்கும் செல்லாது, உழைப்பவரின் பெயரிலேயே வைப்பிலிடப்பட வேண்டும். குடும்பத்தவர் இதனை அவநம்பிக்கை என்று கருதலாகாது. அது உழைத்தவரின் முதுமைக்கான உரிமை.

கோடரியின் பாடம்

வாழ்வாதார உதவி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து ஒரு சம்பவம் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அன்ஸாரிகளுள் ஒருவர் யாசகம் கேட்டு நபியவர்களிடம் வந்தார். வீட்டில் ஏதும் உண்டா என்று நபியவர்கள் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் மாத்திரமே இருந்தன. அவற்றை வரவழைத்து, சபையில் ஏலத்தில் விட்டு, இரண்டு திர்ஹங்களுக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றதற்கு ஒரு கோடரியும் வாங்கிவரப் பணித்தார்கள். கோடரிக்குத் தமது கையாலேயே பிடி பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணிற் படவேண்டாமென்றும் கூறி அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹங்களைச் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

இச்சம்பவத்தை உழைப்பின் சிறப்புக்கு உதாரணமாகப் பலமுறை கேட்டிருப்பீர்கள். திரும்பி வருவோருக்கு உதவ விரும்புபவர் அதன் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். முதலில், இருப்பது என்ன என்று கேட்கப்பட்டது. அடுத்து, வீட்டாரின் பசி நீக்கப்பட்டது. அதன் பின்னரே கருவி வாங்கப்பட்டது. அதுவும் அவ்வூரில் விலைபோகக்கூடிய ஒரு பொருளுக்கான கருவி. இறுதியாக, மீண்டும் வந்து காண்பதற்கு ஒரு நாளும் குறிக்கப்பட்டது. நாம் செய்வதோ பெரும்பாலும் ஒரு மேடை, ஒரு இயந்திரம், ஒரு புகைப்படம். பதினைந்தாம் நாள் அவரைத் தேடிச் செல்பவர் எவருமில்லை.

இந்த ஒழுங்கைத் திரும்பி வந்த ஒருவர் தமது வாழ்வில் எவ்வாறு பின்பற்றலாம்?

இருப்பதைக் கணக்கிடுங்கள். பணம் மாத்திரம் சொத்தன்று; கற்ற தொழிலும் சொத்தே. பத்து வருடங்கள் மேசன் வேலையோ, குளிரூட்டி திருத்தும் வேலையோ, சமையல் வேலையோ, பார ஊர்தி ஓட்டும் வேலையோ செய்தவரின் கையில் திறமை இருக்கின்றது. அதற்கான பத்திரம் இருப்பதில்லை. முன்னர் பெற்ற அனுபவத்தைப் பரிசோதித்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் நடைமுறையில் உள்ளது. வகுப்பறையிற் பல மாதங்கள் செலவிடாமலேயே, செய்துகாட்டும் திறமையின் அடிப்படையில் அதனைப் பெறலாம். அச்சான்றிதழ் உள்ளூரில் வேலை பெறவும் உதவும். மீண்டும் செல்ல நேரினும் உயர்ந்த சம்பளம் கோர உதவும்.

வீட்டுச் செலவை முதலில் ஒதுக்குங்கள். வந்தவுடன் முழுத்தொகையையும் ஒரு வியாபாரத்தில் இடுவது ஆபத்தானது. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே வைத்துவிட்டு, கடன்களை எழுதிப் பட்டியலிட்டு, எஞ்சியதையே முதலீடாகக் கொள்ள வேண்டும்.

ஊருக்கு என்ன தேவை என்று பாருங்கள். அயல்வீட்டார் முச்சக்கரவண்டி வாங்கினால் நாமும் வாங்குவது, அடுத்த தெருவில் கடை திறந்தால் நாமும் திறப்பது என்ற வழக்கத்தினால், ஒரே சந்தியில் இருபது வண்டிகள் நின்று, இருபது பேரும் உழைக்க முடியாதவர்களாகின்றனர். மூன்று மாதங்கள் சிறிய அளவிற் செய்து பார்த்து, பின்னர் விரிவாக்குவதே அறிவுடைமை.

எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்திருக்கின்றது என்று அறிந்ததும் கூட்டு வியாபாரத்துக்கு அழைப்போரும் கடன் கேட்போரும் வருவர். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிச் சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியதாகும். அதனை ஓதும் நாம், மைத்துனரிடம் எழுதிக் கேட்பது வெட்கம் என்று எண்ணுகின்றோம். எழுதாத கணக்கினால் முறிந்த உறவுகள் எத்தனை!

அரச உதவியைக் கேளுங்கள். பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகின்றனர். சுயதொழில் வழிகாட்டல், பயிற்சி, காப்புறுதிக் கோரிக்கை, பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் ஆகியவை பற்றி அவர்களிடம் விசாரிக்கலாம். இவ்வுதவிகளிற் பல, பணியகத்திற் பதிவுசெய்து சென்றவர்களுக்கே உரியவை. பதிவின்றிச் சுற்றுலா விசாவிற் செல்வோர், போகும்போதே திரும்பி வரும் கதவையும் மூடிக்கொண்டு செல்கின்றனர். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989; அதனை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

வீட்டுக்குள் வரும் விருந்தாளி

பயணம் முடிந்ததும் காலந்தாழ்த்தாது குடும்பத்தாரிடம் திரும்புமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். நீண்ட பயணம் சென்றவர் முன்னறிவித்தலின்றி இரவு வேளையில் வீட்டுக்கதவைத் தட்டுவதையும் அவர்கள் விரும்பவில்லை. திரும்பி வருபவருக்கு மாத்திரமன்றி, வீட்டிலிருப்பவருக்கும் ஆயத்தம் தேவை என்பது இதிலிருந்து விளங்குகின்றது.

மூன்று வயதில் விட்டுச் சென்ற பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது. அதனை வளர்த்தவர் உம்மும்மா, அல்லது சாச்சி. காய்ச்சல் வந்தால் பிள்ளை அவரையே அழைக்கும். பத்து வருடங்கள் மாதந்தவறாது பணம் அனுப்பிய தாய் அக்காட்சியைப் பார்த்து வாசலில் நின்று கண்கலங்குகின்றாள். இங்கு குற்றவாளி எவருமில்லை. பிள்ளையின் அன்பு குறைந்துவிடவில்லை. அது பழகிய இடத்தில் இருக்கின்றது, அவ்வளவுதான். அதட்டியோ, பொருள் கொடுத்தோ அதனைத் திருப்ப முடியாது. பாடசாலைக்கு அழைத்துச் செல்லுதல், ஒரே தட்டிற் சோறு பகிர்தல், தலைவாரி விடுதல் போன்ற சிறிய காரியங்களால் மெல்ல மெல்லத்தான் அது திரும்பி வரும். வளர்த்தவரை ஒதுக்கிவிடாது, அவரோடு சேர்ந்தே இதனைச் செய்ய வேண்டும்.

வாப்பாவின் நிலையும் இத்தகையதே. இருபது ஆண்டுகள் தொலைபேசியிற் குரலாக மாத்திரம் இருந்தவர், வந்ததும் வீட்டின் ஒவ்வொரு வழக்கத்தையும் மாற்ற முற்படுகின்றார். இத்தனை காலம் தனியாகக் குடும்பத்தை நடத்திய மனைவிக்கு அது தன்னை மதிக்காமையாகத் தெரிகின்றது. மனைவி உழைத்து அனுப்பிய வீடுகளிலோ, அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்பதே சண்டையாகிவிடுகின்றது. கணவன்மாரே! கணக்குக் கேட்பது அவமதிப்பன்று. அது அமானிதம். கேட்கப்படுவதற்கு முன்னரே கணக்கை எடுத்து வைப்பவரே நம்பிக்கைக்குரியவர்.

இளைஞர்களே, யுவதிகளே! உங்கள் பெற்றோர் திரும்பி வரும்போது முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று பார்க்காதீர்கள்; அவர்களின் முகத்தைப் பாருங்கள். அங்கு என்ன சாப்பிட்டார்கள், எங்கு உறங்கினார்கள், எந்தப் பெருநாளில் தனியே அழுதார்கள் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கப்படாமலேயே முதுமை அடைந்துவிட்டவர்கள் நம்மிடையே அநேகர்.

காயமும் கண்ணியமும்

மூதூரைச் சேர்ந்த றிஸானா நபீக் 2005 இல், வயதை உயர்த்திக் காட்டிய கடவுச்சீட்டுடன், பதினேழு வயதிற் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். 2013 ஜனவரி 9 ஆம் திகதி அவருக்கு அங்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்நாடே கண்ணீர் வடித்தது. திரும்பி வராத ஒரு மகளுக்காக அழுத நாம், திரும்பி வந்த மகள்மாரை எவ்வாறு நடத்துகின்றோம்?

அடிகாயத்தோடும், எலும்பு முறிவோடும், வெளியே சொல்ல முடியாத அநீதிக்குள்ளாகியும் வருவோர் உளர். அவ்வாறு வருவோருக்கென விமான நிலையத்தை அண்மித்து, பணியகத்தின் 'சஹன பியச' என்னும் தங்குமிடம் இயங்கி வந்துள்ளது. அங்கிருந்து ஊருக்கு வந்தபின் அவர்களை எதிர்நோக்குவது சில வேளைகளில் ஊராரின் பார்வையாகும். "அங்கே என்ன நடந்ததோ!" என்ற ஒரு வாக்கியம், கபீல் வீட்டின் அடியைவிட ஆழமான காயத்தை ஏற்படுத்தும். பத்தினிப் பெண்கள்மீது சாட்சியின்றிப் பழிசுமத்துவதை அல்குர்ஆன் தண்டனைக்குரிய பெருங்குற்றமாக்கியிருக்கின்றது. சந்தியிலும் திருமண வீட்டிலும் மென்று துப்பப்படும் அவதூறுகளும் அதே இனத்தைச் சேர்ந்தவையே. ஓர் ஆண் வெளிநாடு சென்று வந்தால் 'உழைத்து வந்தவர்' என்றும், ஒரு பெண் சென்று வந்தால் 'போய் வந்தவள்' என்றும் பேசும் நாவை முதலில் திருத்த வேண்டும்.

உறக்கமின்மை, காரணமற்ற பயம், கோபம், எவருடனும் பேசாதிருத்தல் ஆகியன தொடர்ந்தால், அதனை ஈமானின் பலவீனம் என்றோ, ஜின்னின் வேலை என்றோ சொல்லிக் காலங்கடத்தாதீர்கள். துஆவும் வைத்தியமும் ஒன்றையொன்று தடுப்பவையல்ல. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஜமாஅத் செய்யக்கூடியவை

மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகளோடு நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) அவர்கள் தமது செல்வத்திற் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் அவருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வியாபாரத்தை ஆரம்பித்தார்கள். வந்தவரின் தன்மானமும் வரவேற்றவரின் தாராளமும் அங்கு சந்தித்தன. நமது ஊர்களிலும் திரும்பி வருவோரிற் பெரும்பாலோர் யாசிப்பதில்லை. கடைத்தெருவுக்கு வழி காட்டுமாறே கேட்கின்றனர்.

பள்ளிவாசல் நிருவாக சபைகள் அதிக செலவின்றிச் செய்யக்கூடியவை சில உள்ளன. மஹல்லாவிலிருந்து வெளிநாடு சென்றோர், திரும்பியோர் ஆகியோரின் பதிவேடு ஒன்றைப் பேணலாம். திரும்பி வந்தவரை ஒரு மாதத்துக்குள் இருவர் சென்று சந்தித்து, என்ன தேவை என்று இரகசியம் பேணிக் கேட்கலாம். பெண்களிடம் பெண்களையே அனுப்பலாம். பிரதேச செயலக உத்தியோகத்தரை ஆண்டுக்கு இரு முறை பள்ளிவாசலுக்கு அழைத்துத் தகவல் பெறலாம். ஊரிலுள்ள கடைக்காரர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் தமக்கு ஆள் தேவைப்படும்போது அப்பதிவேட்டை முதலிற் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். பணத் தகராறுகள் பொலிஸ் வரை செல்லுமுன் சமரசம் செய்துவைக்கலாம்.

ஸகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டுக் கூட்டத்தாரைக் குறிப்பிடும் அத்தௌபா அத்தியாயத்தின் 60 ஆம் வசனத்தில் கடனாளிகளும் இடம்பெறுகின்றனர். பயணக் கடனையும் தீர்க்க முடியாது, நோயாளியாகத் திரும்பி வந்தவர் அதில் அடங்கமாட்டாரா என்பதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். கூட்டாகச் சேர்க்கப்படும் ஸகாத்தில் ஒரு பகுதியைக் கொண்டு வருடத்துக்கு இரண்டு குடும்பங்களையேனும் முழுமையாகக் கடனிலிருந்து மீட்டு, ஒரு தொழிலில் அமர்த்தி, பதினைந்தாம் நாளும் ஆறாவது மாதமும் சென்று பார்த்தால், பத்து ஆண்டுகளில் இருபது குடும்பங்கள் முகவரின் வாசலை மறந்துவிடும். நூறு பேருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பகிர்வதைவிட இது நிலையான உதவியல்லவா?

நேயர்களே! நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பியதும் முதலிற் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுது, மக்களைச் சந்திப்பதற்காக அங்கு அமர்வார்கள். திரும்பி வந்தவரின் முதற் சந்திப்பு நடைபெறும் இடம் பள்ளிவாசல் என்ற அந்த அழகிய வழிமுறையை நாமும் உயிர்ப்பிக்கலாம். அங்கு அமர்ந்திருப்பவரிடம் "எப்போது போகப் போகிறீர்கள்?" என்று இனிக் கேட்க வேண்டாம். "இங்கு என்ன செய்ய விரும்புகிறீர்கள்? நாங்கள் எதில் உதவலாம்?" என்று கேட்போம்.

கடல் கடந்து உழைக்கும் நமது உறவுகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாத்து, நலமாகத் திரும்பச் செய்வானாக! அவர்களை அன்போடும் நீதியோடும் ஏற்றுக்கொள்ளும் மனதை நமக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.